காசிமேட்டுக் காலண்டர் தெரியாத இளைஞர் பணிப் படிப்பு

வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பயிற்சி மையம் நடத்தும் 'சமூகம் சார்ந்த இளைஞர் பணி' (ஏரியா இளைஞர்களோடு பழகி, அவர்களோடு சேர்ந்து செயல்படும் வேலை) சான்றிதழ் படிப்பு ஆறு மாதம். சனி, ஞாயிறு வகுப்பு. கூடவே 120 மணி நேரக் களப்பணி. வகுப்புக்குக் கட்டும் பணம் வீண் போகாது. இடிப்பது களப்பணியில்தான்.

முடிவெடுப்பதில் பிள்ளைகளுக்கு எவ்வளவு உண்மையான பங்கு என்பதைப் படிப்படியாக அளக்க, ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃப்புக்காக எழுதிய பங்கேற்பு ஏணியை நன்றாக நடத்துகிறார்கள். எட்டுப் படிகள், கீழே உள்ள மூன்றும் பங்கேற்பே அல்ல. இதைப் பலகையில் எழுதிவிட்டு நகராமல், ஏரியா கேரம் போட்டி ஒன்றைப் பிரித்து மேயச் சொல்கிறார்கள். நுழைவுக் கட்டணம் யார் முடிவு? டிரா போட்டது யார்? தகராறு வந்தால் யார் தீர்ப்பு? மூன்றுக்கும் 'மன்றத் தலைவர்' என்றே பதில் வந்தால், பசங்க மாட்டியிருக்கும் டி-ஷர்ட் வெறும் அலங்காரம். ஏணியில் இரண்டாம் படி.

போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) வகுப்பும் உருப்படியானது. பதினெட்டு வயது நிரம்பாதவர் பாலியல் கொடுமையைப் பற்றி வாய் திறந்தால், 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 19-ஆம் பிரிவுப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும்; மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. இந்த வகுப்பைப் போய் எட்டாவது வாரத்தில் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் களத்தில் இறங்குவதோ மூன்றாவது வாரம்!

களப்பணி ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கடலுக்குப் போகிற இளைஞர்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களோடு பழக அதைவிட நல்ல காலம் இல்லை. அது முடிந்த பிறகுதான் படிப்பே தொடங்குகிறது. அக்டோபரில் மழை பிடித்தால் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் தண்ணீர் நிற்கும், மைதானம் சேறாகும். மிஞ்சுவது மூன்று மாதம்.

அதிலும் களநேரம் காலை 10 முதல் 1 வரை. படிக்கிற பையன் பள்ளியில் இருப்பான், சம்பாதிக்கிறவன் வேலையில். சரி, ஞாயிறு என்றால்? காசிமேட்டு மீன் சந்தை அன்றைக்குத்தான் நிரம்பி வழியும். வியாபாரம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பையன்களுக்கு மாலை 6-க்கு மேல்தான் சரி. பெண் பிள்ளைகளுக்கு இருட்டுவதற்கு முன், டியூஷன் போகும் முன்னால் கிடைக்கிற ஒரு மணி நேரம். அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்காததால் களக் குறிப்பேடு முழுக்கப் பையன்களாகவே இருக்கிறார்கள்.

அந்தக் குறிப்பேட்டில் இருப்பதும் தேதி, வருகை எண்ணிக்கை, போட்டோ ஒட்ட ஒரு கட்டம், அவ்வளவுதான். இதை வைத்து மேற்பார்வையாளர் எதைப் பேசுவார்? பின்பக்கத்தில் அன்று இரவே நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: யார் வந்தார்கள், யார் ஓரமாக நின்றுவிட்டுப் போனார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், அடுத்த முறை எதை மாற்றுவீர்கள். மறுநாளைக்குத் தள்ளினால் இரண்டாவது கேள்விக்கு விடை மறந்துபோகும். களத்தில் இறங்கிய முதல் இரண்டு வாரம் பேனர், போட்டோ, நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். இரண்டு பேராகப் போய், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தினமும் தென்பட்டால் போதும்.

சேருவதற்கு முன் மாலைநேரக் களப்பணிக்கு அனுமதி உண்டா, ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்டுவிடுங்கள். இப்போது பதினைந்து, எட்டைத் தாண்டினால் கஷ்டம். ஏப்ரல் பேட்ச் தொடங்குவார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.