விற்கப் போகிற இம்பாலா: ஒன்பது வருடம் வைத்திருந்தவனின் கணக்கு

1964 செவர்லே இம்பாலா. இரண்டு கதவு ஹார்ட்டாப், 327 கன அங்குல வி8 எஞ்சின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், கேண்டி சிவப்பு பெயின்ட். 2016-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வாங்கினேன், இப்போது அங்கேயே விற்கிறேன். விளம்பரத்துக்கு இது போதும். ஆனால் இதே போன்ற நாலு வரியைப் படித்துத்தான் நானும் போய் விழுந்தேன். அதனால் மீதியையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயின்ட். இந்த வண்டியில் எல்லாமே அதற்கு அப்புறம்தான்.

நான் பார்க்கப் போனது ஒரு அக்டோபர் மாலை, ஆறு மணி சுமாருக்கு. சாய்ந்த வெயிலில் பானட் மேல் அந்தச் சிவப்பு எப்படி இருந்தது என்றால், நன்னாரி சர்பத்தை வெள்ளித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தது போல. உதாரணம் சும்மா சொல்லவில்லை, வேலையே அப்படித்தான் நடக்கிறது. அடியில் வெள்ளி மெட்டாலிக் பூச்சு. அதன் மேல் கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிற சிவப்பு, பல தடவை. கடைசியில் நிறமில்லாத கிளியர் பூச்சு. வெளிச்சம் சிவப்பைத் தாண்டிப் போய் வெள்ளியில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த ஆழம். 1950-களில் இந்தக் கேண்டி ஆப்பிள் சிவப்பைக் கொண்டுவந்தவர் என்று ஜோ பெய்லானைச் சொல்வார்கள். அவரும் கலிஃபோர்னியாக்காரர்தான்.

அழகு எங்கிருந்து வருகிறதோ தலைவலியும் அங்கிருந்தே வருகிறது. சாதாரண பெயின்ட்டில் நிறத்துக்கு ஒரு நம்பர் இருக்கும், அதைக் கலந்து அடித்தால் ஏறக்குறைய ஒட்டிப்போகும். கேண்டியில் ஒரு தடவை கூடுதலாக அடித்தாலே நிறம் கறுத்துவிடும். முதலில் அடித்தவர் எத்தனை தடவை அடித்தார், கையை எவ்வளவு வேகமாக நகர்த்தினார், இதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். 2018-இல் மளிகைக் கடை வாசலில் யாரோ விட்டுப்போன தள்ளுவண்டி காற்றில் உருண்டு வந்து வலது கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டது. முதலில் போன பட்டறையில் பார்த்துவிட்டு, தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த இடத்தில், "செய்கிறேன், ஆனால் ஒரு பக்கம் முழுக்க அடித்தால்தான் சரியாக வரும்" என்றார்கள். நான் கஞ்சத்தனம் பார்த்துக் கதவை மட்டும் அடிக்கச் சொன்னேன். 1,800 டாலர் போனது. கதவு இன்றைக்கும் பக்கத்துத் தகட்டைவிட ஒரு பிடி ஆழமாகத்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது. அவர்கள் சொல்லித்தான் செய்தார்கள்.

வெயிலில் நிறுத்தவும் யோசிக்க வேண்டும். சிவப்பு கேண்டி சீக்கிரம் வெளிறும். துணி உறை போடலாமே என்பார்கள். தூசியோடு உறை போட்டால் உறையே உப்புத்தாள். ஷெட் இல்லாதவர்கள் இந்த வண்டியை வாங்க வேண்டாம்.

இதே மாடலில்தான் ஜிப்ஸி ரோஸ் என்ற புகழ்பெற்ற லோரைடர், அதாவது தரையோடு தாழ்த்தி அலங்கரித்த வண்டி, இருக்கிறது. அதுவும் 1964 இம்பாலா. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் ஜெஸ்ஸி வலடெஸ் உருவாக்கியது, உடம்பு முழுக்க ரோஜாப்பூ வரைந்தது. 2017-இல் அதை வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தத் தள்ளுவண்டி உள்ளே வர முடியாதே!

சரி, ஹார்ட்டாப். பக்கவாட்டில் முன் ஜன்னல் கண்ணாடிக்கும் பின் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவே தூண் கிடையாது. நாலு கண்ணாடியையும் இறக்கினால் பக்கவாட்டில் ஒன்றுமே இருக்காது, கூரை மட்டும் மேலே மிதப்பது போல இருக்கும். கடலோரச் சாலையில் மாலை நேரம் அப்படி ஓட்டுவதற்காக இன்னொரு தடவைகூட இந்த வண்டியை வாங்குவேன். ஆனால் கண்ணாடியை ஏற்றினால் முன் கண்ணாடியின் விளிம்பும் பின் கண்ணாடியின் விளிம்பும் ஒரு ரப்பர் பீடிங்கில் சரியாகச் சேர வேண்டும். 60 மைல் வேகத்தில் என் வண்டி விசிலடிக்கும். குளிர்கால மழையில் பின்சீட்டுக் கார்ப்பெட் நனையும். ரப்பர் எல்லாவற்றையும் ஒரு தடவை மாற்றி, கண்ணாடிகளைச் சரிசெய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முக்கால்வாசி சரியானது. விசில் இன்னும் இருக்கிறது, ஈனஸ்வரத்தில்.

ஓட்டம் என்று பார்த்தால், சுகம். நீளம் பதினேழரை அடி. அம்மா முதல் தடவை பார்த்தபோது, "என்னடா இது, கப்பல் மாதிரி இருக்கு" என்றார். போவதும் அப்படித்தான், பள்ளத்தை உணரவே முடியாது, வளைவில் மட்டும் ஒரு பக்கமாகச் சாயும். 250 குதிரைசக்தி எஞ்சினுக்கு அவசரமே கிடையாது. கம்ப்ரஷன் அதிகம் என்பதால் 91 ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன், ஒரு கேலனுக்கு 12 மைல் கிடைக்கிறது. லிவர்மோர் கோயில் வாசலில் ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "தம்பி, இது கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார். "கட்டாதுங்க ஐயா" என்றேன். அவருக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது போலிருக்கிறது, தலையாட்டிக்கொண்டே போனார்.

பிரேக் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கம்பெனியில் வந்தபோது நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு குழாய் போனால் நாலு சக்கரமும் போச்சு. வாங்கிய முதல் கோடையில் 17-ஆம் நெடுஞ்சாலையில் சான்ட்டா க்ரூஸுக்கு இறங்கும்போது மிதி மெத்தென்று ஆகி, கருகல் வாடை வந்தது. இரண்டே கியர் என்பதால் எஞ்சினை வைத்து வேகத்தை இழுத்துப் பிடிக்கவும் பெரிதாக வழியில்லை. ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதமே முன்பக்கம் டிஸ்க் பிரேக், இரண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர் போட்டுவிட்டேன். பழைய பாகங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, அசல்தான் வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பராமரிப்பு கஷ்டமில்லை. இக்னிஷன் பாயின்ட் இடைவெளி, கார்புரேட்டர், ஆயில், எல்லாம் வீட்டில் நானே பார்த்ததுதான். பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. 1975 மாடலுக்கும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கும் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை கிடையாது, அந்தத் தொல்லையும் இல்லை. இரண்டு வாரம் எடுக்காமல் வைத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிவிடும். செல்ஃப் கொஞ்ச நேரம் சுற்றினால்தான் பிடிக்கும். பயந்துவிட வேண்டாம்.

இன்னொரு உண்மை. பின்பக்கம் எஸ்எஸ், அதாவது சூப்பர் ஸ்போர்ட், சின்னம் இருக்கிறது. நம்ப வேண்டாம். 1964-இல் சூப்பர் ஸ்போர்ட் தனி வரிசை, வி8 எஞ்சினோடு வந்த இரண்டு கதவு ஹார்ட்டாப் என்றால் வண்டி நம்பர் 41447 என்று தொடங்கும். என்னுடையது 41847, அதாவது வெறும் இம்பாலா. எனக்கு விற்றவர் எஸ்எஸ் என்று சொல்லி, அந்த விலையையும் வாங்கினார். நான் வெறும் இம்பாலா விலைதான் கேட்கிறேன்.

ஏன் விற்கிறேன்? முதல் வருடம் 2,900 மைல் ஓட்டினேன். போன வருடம் 340. எங்காவது போகலாம் என்று நினைத்தாலே அங்கே பார்க்கிங் எப்படி, பக்கத்தில் யார் நிறுத்துவார்கள் என்றுதான் முதலில் புத்தி போகிறது. பின்சீட்டில் பெல்ட் கிடையாது, அதனால் மகளையும் கூட்டிப்போவதில்லை. இப்படிப்பட்ட வண்டிகளில் தெருவில் மெதுவாகச் சுற்றி வருவதை க்ரூஸிங் என்பார்கள்; சான் ஹோசே 2022-இல் அதற்கு இருந்த தடையை நீக்கியதும் ஒரு ஞாயிறு மாலை கிங் சாலையும் ஸ்டோரி சாலையும் சந்திக்கிற பக்கம் மெதுவாக ஓட்டிப் போனேன். வண்டியை ஏற்றி இறக்குகிற ஹைட்ராலிக் வைத்த 1963 இம்பாலா ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் என் பானட்டைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் வண்டியில் குறைந்தது நாலு கீறல் எண்ணினேன். அவர் அதையெல்லாம் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் வாங்கினால் எனக்குச் சந்தோஷம்.

பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து நண்பகலில் வாருங்கள், மாலையில் வேண்டாம். கையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்து வாருங்கள். இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி போட்டிருக்கிறது, அங்கே ஒட்டாது. வலது கதவு வெயிலைப் பார்த்திருக்கும்படி வண்டியை நிறுத்தி வைக்கிறேன்.