ஸ்டொகாஸ்டிக்கும் அந்த 80-ஆம் கோடும்

கீழக்கரையிலிருந்து தம்பி முறையுள்ள ஒருவன் போன வாரம் அழைத்தான். துபாயிலிருந்து திரும்பியவன், சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குகளில் போடப் பார்க்கிறான். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். "காக்கா, ஸ்டொகாஸ்டிக்கை நம்பலாமா? 80-க்கு மேலே போனால் விலை இறங்கிவிடும் என்கிறார்களே" என்றான். ஸ்டொகாஸ்டிக் என்பது விலை வரைபடத்தோடு 0 முதல் 100 வரை ஓடும் ஒரு கோடு; அன்றைய முடிவு விலை அண்மை நாட்களின் குறைந்த விலைக்கும் அதிக விலைக்கும் இடையே எங்கே நிற்கிறது என்று காட்டும். அந்த 80-ஐக் கேட்டதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவனிடம் சரியாகப் பேசாமல் வைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியது இது.

மண்டபத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, எனக்கும் வேலை குறைந்துவிடும். 2022 தடைக்காலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து ஸ்டொகாஸ்டிக்கைக் கற்றேன். தினசரி வரைபடம், 14, 3, 3 அமைப்பு: 14 நாள் வீச்சு, அதன்மேல் இரண்டு முறை 3 நாள் சராசரி. இன்றுவரை மாற்றவில்லை. பங்கை வாங்கி வைத்திருப்பதோடு சரி, ஆப்ஷன் பக்கம் போவதில்லை.

80-ஐத் தாண்டினால் விற்றுவிடு, 20-க்குக் கீழே போனால் வாங்கு. வகுப்பில் சொன்னது இவ்வளவுதான். கட்டணம் வாங்கிக்கொண்டு இப்படிக் கற்றுக்கொடுத்ததை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2023 ஏப்ரல் கடைசியில் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 18,000-ஐ ஒட்டி வந்தபோது ஸ்டொகாஸ்டிக்கின் முதன்மைக் கோடான கே கோடு 80-க்கு மேலே நின்றது. கையிலிருந்த இண்டெக்ஸ் இடிஎஃப் (குறியீட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் நிதி) முழுவதையும் விற்றேன். திரும்பும், திரும்பும் என்று தடைக்காலம் முழுவதும் காத்திருந்தேன். செப்டம்பரில் நிஃப்டி 20,000-ஐத் தொட்டது.

அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று அப்போதே கணக்குப் போட்டிருந்தால் விற்றிருக்க மாட்டேன். 14 நாளில் ஒரு பங்கு 400-க்கும் 450-க்கும் இடையே ஆடி 445-இல் முடிந்தால், சராசரி எடுக்கும் முன் கே 90. சில நாள் கழித்து வீச்சு 420 முதல் 480 வரை நகர்ந்து, விலை 476-இல் முடிந்தால் கே 93. விலை 31 ரூபாய் ஏறியிருக்கிறது, கோடு மூன்று புள்ளி அளவுக்குத்தான் நகர்ந்திருக்கிறது. அன்றைய முடிவு விலை அண்மை வீச்சின் உச்சியருகே இருக்கிறது என்பதற்கு மேல் அதில் வேறு செய்தியே இல்லை. அதை "ஓவர்பாட்", அதாவது அளவுக்கு மீறி வாங்கப்பட்டது, என்று பெயரிட்டு, விலை களைத்துவிட்டதாகச் சொல்வதுதான் தவறு.

எங்கள் கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கிறது, ஆகவே நாளை நின்றுவிடும் என்று எந்தப் படகுக்காரரும் நினைக்க மாட்டார். கச்சான் பிடித்தால் மாதக்கணக்கில் அடிக்கும். தென்கடல் கொந்தளித்தால் பாம்பனில் நாட்டுப்படகுகள் வடகடல் பக்கம் வந்துவிடும். காற்று திரும்பும்வரை அங்கேதான் தொழில்.

1950-களின் பிற்பகுதியில் இந்தக் கருவியைப் பரப்பிய ஜார்ஜ் லேன், விலைக்கும் கோட்டுக்கும் இடையே தோன்றும் முரணைத்தான், டைவர்ஜென்ஸைத்தான், பெரிதாக மதித்தார். அது எனக்கு இரண்டாம் ஆண்டில் பிடிபட்டது. ஒரு சிமெண்ட் பங்கு 318 வரை இறங்கி எழுந்து, மறுபடி 309-க்குப் போனது. முதல் இறக்கத்தில் கே 9, இரண்டாவதில் 21. விலை புதிய பள்ளத்துக்குப் போயும் கோடு உடன் போகவில்லை. கே கோடு, தன் 3 நாள் சராசரியான டி கோட்டைக் கீழிருந்து வெட்டிய மறுநாள் 316-இல் வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் 352. அந்த வாரங்களில் அலைபேசியைத் திறக்கும்போதெல்லாம் இருந்த மகிழ்ச்சி பெரிது. அதன்பின் பக்கவாட்டில் அலையும் பங்குகளில் பலமுறை உதவியிருக்கிறது. தொடர்ந்து விழும் பங்கில் மட்டும் கோடு 20-க்குக் கீழேயே படுத்துவிடும், டைவர்ஜென்ஸும் இரண்டு மூன்று முறை பொய்த்திருக்கிறது. ஸ்டாப் லாஸ், அதாவது இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற முன்கூட்டிய உத்தரவு, இல்லாமல் நான் வாங்குவதில்லை.

வரைபடத்தில் 80-ஆம் கோட்டை நீக்கிவிட்டேன், 20 மட்டும் இருக்கிறது. எனக்கு இவ்வளவு செய்த கருவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் தம்பிக்கு நேற்று இரவு மறுபடி அழைத்து, வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாலைவன வெயிலில் சேர்த்த பணம் அது. அவனுக்கு முதலில் கிடைக்கப்போவதும் அதே 80-ஐச் சொல்லித்தரும் வகுப்புதான்.