உயிரியலில் பிஎச்டி: இங்கேயா, ஜெர்மனியா, அமெரிக்காவா?

எம்எஸ்சி கடைசி செமஸ்டரில் இருக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது "ஸ்டைபெண்ட் எவ்வளவு அண்ணா?" என்றுதான். என்னைக் கேட்டால், கைடை எப்போது தேர்ந்தெடுக்க விடுவார்கள், ஆர்டர் போட்ட பொருள் எத்தனை நாளில் கைக்கு வரும், இந்த இரண்டையும் முதலில் விசாரியுங்கள்.

நம்மூரில் 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் (பிஎச்டியின் முதல் இரண்டு வருட உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (அதற்கு அடுத்த படி) ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஹாஸ்டல் கிடைத்துவிட்டால் தாராளம். ஆனால் மாதாமாதம் வரவேண்டுமே! எனக்கு ஒருமுறை ஐந்து மாதப் பணம் மொத்தமாக ஒரே நாளில் விழுந்தது, அதுவரை மெஸ் பில்லுக்கு அப்பாவிடம் கை நீட்டினேன், 27 வயதில். உள்ளே நுழைய சிஎஸ்ஐஆர் நெட், டிபிடி என்கிற மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையின் பெட், பெங்களூரில் இருக்கும் உயிரியல் ஆய்வு நிறுவனமான என்சிபிஎஸ் வேண்டுமென்றால் ஜீபில்ஸ் என்று நுழைவுத் தேர்வுகள், எதை எழுதினாலும் அப்புறம் இன்டர்வியூ. என்சிபிஎஸ், பெங்களூரு ஐஐஎஸ்சி, ஹைதராபாத் சிசிஎம்பி போன்ற ஆய்வு நிறுவனங்களில் கருவிகளுக்குக் குறையே இல்லை, மைக்ரோஸ்கோப்பெல்லாம் வெளிநாட்டுக்குச் சளைத்ததல்ல. பொருள் வாங்குவதுதான் பெரும்பாடு. கொட்டேஷன், ஒப்புதல், கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி ஏழு வாரம் கழித்து வந்த தெர்மோகோல் பெட்டியை ஆசையாகத் திறந்தால், டிரை ஐஸ் ஒரு துண்டுகூட மிச்சமில்லை, உறைந்தே இருக்கவேண்டிய காம்பிடென்ட் செல் (டிஎன்ஏவை உள்வாங்கத் தயார்செய்த பாக்டீரியா) குழாய்கள் அறை வெப்பத்தில் கிடந்தன. அவ்வளவுதான், மறுபடி கொட்டேஷன்.

ஜெர்மனியில் இருக்கும் என் நண்பனுக்கு இது கதை மாதிரி இருக்கிறது. இன்று ப்ரைமர் (பிசிஆருக்கு வேண்டிய சின்ன டிஎன்ஏ துண்டு) ஆர்டர் போட்டால் ஓரிரு நாளில் அவன் மேஜையில். அங்கே பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள், அதனால் நம் எம்எஸ்சி வீணாகாது, வகுப்புகளும் குறைவு, மூன்று நான்கு வருடத்தில் முடிக்கலாம். நீங்கள் மாணவர் மட்டுமல்ல, ஒப்பந்தம் போட்ட ஊழியர்; காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு. பல லேப்களில் இ13 என்கிற அரசுச் சம்பள விகிதத்தில் 65% தருவார்கள் (வேலை மட்டும் நூறு சதவீதம்தான், அதில் தள்ளுபடி கிடையாது). மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள், ஹைடல்பெர்க்கில் எம்பிஎல் (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்) என்று முறையான திட்டங்கள் இருக்கின்றன. பேராசிரியருக்கு நேரடியாக மெயில் போட்டுச் சேர்ந்தவர்களும் நிறைய. அப்படி மெயில் போட்டுப் போகிறவர்கள் ஒரு ஜூம் இன்டர்வியூவை நம்பிக் கழுத்தை நீட்டுகிறார்கள். கைடோடு ஒத்துவரவில்லை என்றால் ஒப்பந்தமும் அவர் கையில், விசாவும் அதன் வாலில்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் குறைவு. முதல் வருடம் மூன்று லேப்களில் சில வாரங்கள் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். இதற்கு ரொட்டேஷன் என்று பெயர்; என்சிபிஎஸ்ஸிலும் உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. டியூஷன் கட்ட வேண்டாம், ஸ்டைபெண்டும் வரும். ஆனால் அங்கே பிஎஸ்சியே போதும் என்பதால் உங்கள் எம்எஸ்சி இரண்டு வருடத்தைப் பெரும்பாலும் கழிக்கமாட்டார்கள், அதற்கு மேல் ஐந்தாறு வருடம். 2025-ல் என்ஐஎச் (மருத்துவ ஆய்வுகளுக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பு) நிதியில் அரசு கை வைத்ததும் சில இடங்களில் கொடுத்த அட்மிஷனையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விண்ணப்பக் கட்டணமே பத்துப் பல்கலைக்கழகங்களுக்குச் சேர்த்தால் கண்ணைக் கட்டும்.

எந்தக் கேள்வியில் வேலை செய்யப்போகிறோம் என்பது தெளிவாக இருந்தால் நான் ஜெர்மனி என்பேன், ஆனால் சரி சொல்லும் முன் அந்த லேப்பில் இப்போது இருக்கும் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசிவிடுங்கள், கைடு இல்லாத கூட்டத்தில். தெளிவில்லையா, ஜீபில்ஸ் எழுதுங்கள், என்சிபிஎஸ் ரொட்டேஷனில் லேப்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.