பிராக் போகிறீர்களா? யூரோ மாற்றும் கடைகளிடம் ஜாக்கிரதை

அலுவலக வேலையாகச் செக் குடியரசுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பிராக் அருமையான ஊர், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி, வெளியூர்க்காரர்களிடம் பிடுங்குவதையே பிழைப்பாக வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே எனக்கு நடந்தது உங்களில் ஒருவருக்கும் நடக்கக் கூடாது.

செக் குடியரசு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் அங்கே யூரோ கிடையாது, கொருனாதான். எங்கள் கம்பெனி பேட்டாவை யூரோ நோட்டாகவே கையில் கொடுத்து அனுப்பியது. வேலைக்காக வருகிற பலருக்கும் இதே நிலைமைதான். மீட்டிங் முடிந்து கிடைக்கிற ஒரு சாயங்காலத்துக்குள் ஊரைப் பார்க்க வேண்டும், கையில் உள்ளூர்க் காசு இல்லை. இந்த அவசரத்தை நம்பித்தான் அந்தக் கடைகள் நடக்கின்றன.

சதுக்கத்தில் 1410-இல் நிறுவிய வானியல் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் மேலே சின்ன ஜன்னல் திறந்து அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாகப் போகும். அங்கிருந்து சார்லஸ் பாலத்துக்கு ஒரு குறுகலான சந்து வழியாக நடக்க வேண்டும். அந்த வழியில்தான் நான் சொல்லும் கடை. வாசலில் பெரிய எழுத்தில் ‘கமிஷன் இல்லை’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கொடிப் படங்களோடு ஒரு போர்டு, அதில் யூரோவுக்கு நேராக இரண்டு எண்கள். பார்த்த உடனே கண்ணில் படுகிற எண் 25-க்கு மேலே இருந்தது. வங்கி விலையும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அது அவர்கள் யூரோவை விற்கும் விலை. நம்மிடமிருந்து வாங்கும் விலை பக்கத்தில் 17 என்று இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் 200 யூரோ கொடுத்து, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. நோட்டை டிராயருக்குள் போட்டுவிட்டு, 3,400 கொருனாவை எண்ணி ரசீதோடு தட்டில் தள்ளினார். நியாயமாக 5,000 அளவுக்கு வந்திருக்க வேண்டிய பணம். இது வேண்டாம், யூரோவையே திருப்பிக் கொடுங்கள் என்று அதே நொடியில் சொன்னேன். “கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது” என்றார். எனக்குப் பின்னால் நின்றவரைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டார்.

மாற்ற முடியாது என்று அவர் சொன்னது சுத்தப் பொய். 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பணம் மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் வாடிக்கையாளர் காரணமே சொல்லாமல் அதை ரத்து செய்யலாம். 1,000 யூரோ மதிப்பு வரைக்கும் இது செல்லும். கட்டணம் எதுவும் பிடிக்கக் கூடாது. டூரிஸ்ட்டுகளிடம் நடந்த இதே மாதிரிக் கொள்ளை நாட்டுக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்ததால் கொண்டுவந்த சட்டம் அது. அந்தத் தொழிலிலேயே இருக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் மறைக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு இதைச் சொன்னவர் பிராக் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்க்கும் உள்ளூர் நண்பர். பாலத்தில் நின்றுகொண்டே அவருக்கு போன் செய்தேன். “ரசீது இருக்கிறதா? அதில் நேரம் போட்டிருக்கும், பாருங்கள். உடனே திரும்பிப் போங்கள். மறுத்தால் செக் தேசிய வங்கியில் புகார் செய்வேன் என்று சொல்லுங்கள்” என்றார். பணம் மாற்றும் கடைகளைக் கண்காணிப்பது அந்த வங்கிதான். அலுவலகத்தில் கணக்குக் காட்டுவதற்காக ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தேன். நல்லவேளை.

திரும்பிப் போனேன். முதலில் மேனேஜர் இல்லை என்றார் அந்தப் பெண். அப்புறம் நாளைக் காலையில் வரச் சொன்னார். ரசீதில் இருந்த நேரத்தைக் காட்டி, தேசிய வங்கியின் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. என் 3,400 கொருனாவை இரண்டு தரம் எண்ணி, ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடைசியில் 200 யூரோவைத் தந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பணம் திரும்பி வந்தது. சட்டம் தெரியாமல் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்கிறவர்களுக்கு வராது.

இன்னொன்று, இந்த மூன்று மணி நேரப் பாதுகாப்பு கடைக்கு மட்டும்தான். தெருவில் வந்து “கடையை விட நல்ல விலை தருகிறேன்” என்று காதருகே பேசுகிறவர்களிடம் எந்தச் சட்டமும் உதவாது. எங்கள் குழுவில் வந்த தம்பியிடம் அப்படி ஒருவர் கொடுத்தது பெலாரூஸ் நாட்டுப் பழைய ரூபிள். 2016-இல் அந்த நாடு பூஜ்யங்களை வெட்டிப் புது நோட்டு அடித்ததால் செல்லாமல் போன காகிதம். நல்ல வேளையாக, சின்னத் தொகைதான். செக் நோட்டு எப்படி இருக்கும் என்று போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 100-இல் நான்காம் கார்ல் மன்னர், 200-இல் தாடி வைத்த கல்வியாளர் கொமென்ஸ்கி, 1,000-இல் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி. எல்லாவற்றிலும் செக் தேசிய வங்கியின் பெயர் அச்சிட்டிருக்கும்.

சதுக்கத்துக் கடைகளில் கம்பியில் சுழன்று வேகும் பன்றித் தொடைக் கறியும் இதே ரகம்தான். போர்டில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு, அந்த ‘100 கிராம்’ என்பது மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று கேட்காமல் விற்கிறவர் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போவார். எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான தம்பதிக்குத் தராசு 400 கிராமுக்கு மேல் காட்டியது. அந்த அம்மா பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாங்குவதாக இருந்தால் எத்தனை கிராம் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு, தராசைப் பாருங்கள்.

ஏடிஎம்மில் எடுப்பதாக இருந்தால், வங்கிக் கிளையோடு ஒட்டியிருக்கும் இயந்திரமாகப் பாருங்கள். “உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா” என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், இல்லாவிட்டால் மோசமான விலையில் கழித்துவிடும். உண்மையில் நோட்டே அவ்வளவாகத் தேவைப்படாது. டிராமுக்குள்ளேயே கார்டைக் காட்டி டிக்கெட் எடுக்கலாம், பெரும்பாலான கடைகளிலும் கார்டு செல்லும். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.

ரசீதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை வைத்துத் தேசிய வங்கிக்கு ஆங்கிலத்திலேயே புகார் எழுதி அனுப்பியிருக்கிறேன். பணம் திரும்பக் கிடைத்தவர்களும் தயவுசெய்து எழுதிப் போடுங்கள்.