ஓர்சே அருங்காட்சியகம்: ஒரு நூற்றாண்டின் வாக்குவாதத்தைக் கேட்க ஓர் இடம்

பாரிஸில் சேன் ஆற்றின் இடது கரையில் நிற்கும் ஓர்சே அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுபவர்கள், அங்கே மொனேயும் வான்கோவும் இருக்கிறார்கள் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். என் மதிப்பீட்டில் அந்த இடத்தின் அருமை வேறொன்றில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கலை இயக்கங்களைப் பாடநூல்கள் முறை வைத்து அறிமுகப்படுத்துகின்றன: உணர்ச்சிக்கு முதன்மை தந்த கற்பனாவாதம், அதன்பின் அன்றாட வாழ்வை உள்ளபடி காட்டிய யதார்த்தவாதம், அதன்பின் மாறும் ஒளியைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிசம், அதன்பின் குறிப்பால் உணர்த்திய குறியீட்டியம். ஓர்சேயின் கூடங்களில் நிதானமாக நடப்பவருக்கு, இவை ஒரே நகரத்தில், சில ஆண்டுகள் ஒரே கண்காட்சியின் வாசலிலேயே, ஒன்றோடொன்று முட்டி மோதிக்கொண்டிருந்தன என்பது கண்கூடாகத் தெரியவரும்.

கட்டடம் முதலில் ஒரு ரயில் நிலையம். 1900ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியையொட்டி விக்தோர் லாலு என்ற கட்டடக் கலைஞர் அதை வடிவமைத்தார். பிற்காலத்தின் நீண்ட ரயில்களுக்கு நடைமேடைகள் போதாமல் போனதால் கைவிடப்பட்டு, இடிபடும் நிலையிலிருந்து தப்பி, 1986 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1848 முதல் 1914 வரையிலான படைப்புகளே இங்கே வைக்கப்படுகின்றன. இந்த எல்லைக்கோட்டால் ஓர் இழப்பும் உண்டு. தெலக்ருவா, ஜெரிகோ ஆகியோரின் பேரோவியங்கள் பாரிஸின் மற்றோர் அருங்காட்சியகமான லூவ்ரில் இருப்பதால், கற்பனாவாதத்தின் உச்சத்தை ஓர்சேயில் தேடுபவர் ஏமாந்துதான் போவார். லூவ்ரில் அவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வருவதே சரியான வரிசை.

தரைத்தளத்தின் நடுக்கூடத்தில் சிற்பங்களுக்கிடையே தோமா கூத்யூரின் ‘வீழ்ச்சிக்கால ரோமானியர்கள்’ என்ற மாபெரும் ஓவியம் இருக்கிறது. 1847ஆம் ஆண்டின் அரசுக் கண்காட்சியில், அதாவது சலோனில், பெரும் பாராட்டைப் பெற்ற படைப்பு அது. கூத்யூரிடம் ஆறு ஆண்டுகள் பயின்றவர்தான் பின்னாளில் சலோனை அதிரவைத்த ஓவியர் மனே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். பழைய ரோமின் தூண்கள், தளர்ந்து கிடக்கும் உடல்கள், மெருகேற்றிய தோல் என ஆசிரியரின் திறமை முழுவதும் அங்கே இருக்கிறது. மாணவர் எவற்றையெல்லாம் உதறினார் என்பதை அறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து யதார்த்தவாத ஓவியர் கூர்பே. ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ ஆறு மீட்டருக்கும் மேல் அகலமுடையது. அரசர்களுக்கும் போர்களுக்கும் புராணங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த அந்த அளவை, தம் சொந்த ஊரில் நடந்த ஒரு சாதாரணச் சவ அடக்கத்துக்கு அவர் கொடுத்ததுதான் அன்றைய பார்வையாளர்களை உறுத்தியது. 1855இல் உலகக் கண்காட்சிக் குழு இந்த ஓவியத்தையும் ‘ஓவியரின் பணிக்கூடம்’ என்ற மற்றொரு பெரிய ஓவியத்தையும் ஏற்க மறுத்தபோது, கூர்பே தம் செலவில் தனிக் கூடாரம் அமைத்து, ‘யதார்த்தவாதம்’ என்று பெயர் சூட்டிக் காட்சி வைத்தார். ‘ஓவியரின் பணிக்கூட’த்தின் வலது ஓரத்தில் ஒருவர் சுற்றியிருப்பவர்களைக் கவனிக்காமல் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறார். அவர் கவிஞர் போதலேர்.

இலக்கியம் ஓவியத்துக்குள் வந்து உட்காரும் இத்தகைய இடங்களே எனக்கு ஓர்சேயின் உயிர்நாடியாகத் தோன்றுகின்றன. மனே 1868இல் வரைந்த எமில் ஸோலாவின் உருவப்படத்தை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். எழுத்தாளரின் மேசைக்கு மேலே, சுவரில் மூன்று படங்கள் செருகப்பட்டிருக்கின்றன: ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கேஸின் ஓவியத்தைத் தழுவிய ஓர் அச்சுப்படம், ஜப்பானிய மல்யுத்த வீரர் ஒருவரின் வண்ண அச்சு, மனேயின் ‘ஒலிம்பியா’வின் நகல். மேசையில், மனேக்கு ஆதரவாக ஸோலா எழுதிய நீல அட்டைச் சிறுநூல் கிடக்கிறது. தம்மைக் காப்பாற்றி எழுதியவருக்கு ஓர் ஓவியர் இதைவிட நிறைவாக நன்றி சொல்ல முடியாது. மனேயின் அழகியல் எங்கிருந்தெல்லாம் பிறந்தது என்ற கேள்விக்கும் அதே சுவர் விடை தருகிறது.

அசல் ‘ஒலிம்பியா’வும் இங்கேதான் இருக்கிறது. ஓவியர் கபனேலின் ‘வீனஸின் பிறப்பு’ம் இங்கேயே உண்டு. இரண்டும் 1863இல் வரையப்பட்டவை. கபனேலின் வீனஸைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் விலைகொடுத்து வாங்கினார். ஒலிம்பியா 1865இன் சலோனில் வசைமாரியைச் சந்தித்தாள். அலைமேல் கண்களைப் பாதி மூடி மயங்கிக் கிடக்கும் தேவதையையும், பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கும் பாரிஸ் பெண்ணையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டால், யதார்த்தவாதம் பற்றிய நீண்ட விளக்கவுரைகள் பாதிக்கு மேல் தேவைப்படாது.

ஓவியர் ஃபாந்த்தேன்-லத்தூரின் ‘மேசையின் ஒரு மூலை’ (1872) இன்னொரு கருவூலம். இடது ஓரத்தில் கவிஞர்கள் வெர்லேனும், கையில் முகம் தாங்கிய இளம் ரெம்போவும் அமர்ந்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் மனிதருக்குப் பதிலாக ஒரு பூச்செடி நிற்கிறது. அந்த இருவரோடும் ஒரே படத்தில் இடம்பெற மறுத்துவிட்ட கவிஞர் அல்பேர் மேராவுக்கு உரிய இடம் அது.

இம்ப்ரெஷனிஸ்டுகள் ஐந்தாம் தளத்தில் இருக்கிறார்கள். மொனேயின் ருவான் நகரத் தேவாலய வரிசையில் ஐந்து ஓவியங்கள் ஓர்சேக்குச் சொந்தம். ஒரே கல்முகப்பு வெயிலிலும் மூட்டத்திலும் வேறுவேறு பொருளாகவே மாறிவிடுவதை அவை காட்டுகின்றன. இந்தத் தளத்தின் புகழ் பற்றி நான் கூடுதலாகச் சொல்ல எதுவுமில்லை. என் குறை ஒன்றே: சலோன் ஓவியங்களிலிருந்து இத்தனை படிகள் தள்ளி இவர்களை வைத்திருப்பதால், நேராக மேலே ஏறிவிடுபவர்களுக்கு இவர்கள் யாரை எதிர்த்து நின்றார்கள் என்பது புலப்படாமலே போகிறது.

இசை, இயல்பாகவே, ஓர்சேயில் கண்ணுக்கு மட்டும் கிடைக்கிறது. தெகாவின் ‘ஒபரா இசைக்குழு’வில் வாத்தியக்காரர்களே கதாநாயகர்கள், மேடையில் ஆடும் பெண்களின் தலைகளைப் படச்சட்டம் வெட்டிவிடுகிறது. 1882இல் இத்தாலியின் பலெர்மோவில் ரெனுவார் வரைந்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் உருவமும் இங்குள்ள சேகரிப்பில் உண்டு. அதே வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ என்ற ஒபரா 1861இல் பாரிஸில் கூச்சலுக்கு இரையானபோது அவருக்காக எழுதியவர்களில் போதலேரும் ஒருவர்.

நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது ஒரு சிறிய படத்தின் முன்னால்: 1876இல் மனே வரைந்த மல்லார்மேயின் உருவம். கவிஞர் சாய்ந்தமர்ந்து, புகையும் சுருட்டோடு ஒரு கையைத் தாள்மேல் வைத்திருக்கிறார். தூரிகைத் தீற்றல்கள் விரைவாக விழுந்து அப்படியே விடப்பட்டிருக்கின்றன. அதே ஆண்டு மல்லார்மேயின் ‘ஒரு ஃபானின் பிற்பகல்’ என்ற கவிதை (ஃபான் என்பது பாதி மனிதனும் பாதி ஆடுமான புராண உரு) மனேயின் படங்களோடு நூலாக வந்தது. 1894இல் இசையமைப்பாளர் தெபுஸ்ஸி அக்கவிதையை வைத்து, தனியொரு புல்லாங்குழலில் தொடங்கும் தம் இசைப்படைப்பை அரங்கேற்றினார். ஓவியம், கவிதை, இசை மூன்றும் ஒரே நட்பு வட்டத்தில் கைமாறிய கதை இது. ஏறத்தாழ பத்து நிமிடமே நீளும் அந்த இசையைச் செல்பேசியில் சேமித்துக்கொண்டு வந்து, காதொலிப்பான் மாட்டி, இந்தப் படத்தின் முன் கேட்பது நல்லது.

திங்கட்கிழமைகளில் விடுமுறை. வியாழக்கிழமைகளில் இரவு 9.45 வரை திறந்திருப்பதால் மாலையில் போவது வசதி. மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம் என்றாலும் முன்பதிவு தேவை. எந்த நாளில் போனாலும் நடுக்கூடத்தில் கூத்யூரிடம் தொடங்கி, கூர்பே, மனே என்று தரைத்தளத்தை முடித்த பிறகே ஐந்தாம் தளத்துக்கு ஏறுங்கள்.