செட்டிநாட்டு வீட்டு விடுதிகள்: அறை பதியும் முன் கேட்க வேண்டியவை

காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று நகரத்தார் கட்டிய பழைய கட்டடங்கள் பல இன்று விடுதிகளாக நடக்கின்றன. விளம்பரப் படங்களில் பர்மா தேக்குத் தூணும் இத்தாலி சலவைக்கல்லும்தான் முன்னால் நிற்கும். தூண் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஆத்தங்குடி பெரிய வீட்டில் கட்டணம் கட்டி அரை மணியில் பார்த்துவிடலாம். இரவு தங்கப் பணம் கொடுப்பது, அந்த வீடு ஒரு நாள் முழுக்க எப்படி இயங்குகிறது என்று உடம்பால் உணர்வதற்காக. எந்த விடுதி அதைக் கெடுக்காமல் வைத்திருக்கிறது என்பதே தேர்வுக்கான கேள்வி.

முதலில் கேட்க வேண்டியது வளவு வாசலைப் பற்றி. வளவு என்பது வீட்டின் நடுவே திறந்த முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒன்றுக்கு நேரே ஒன்றாக அமைந்து, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீடுகள் இவை. வெயில் ஏறும்போது திறந்த முற்றத்தின் சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப நிழலான பகுதிகளிலிருந்து காற்று வரும். முற்றத்துக்கு மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிட்டால் இந்த ஓட்டம் நின்றுவிடும். சூடு அப்படியே உள்ளே தங்கும், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியில் உட்கார முடியாது, விருந்தினர் ஏசி அறைக்குள் அடைந்துவிடுவார்கள். குரங்குக்காகப் போடும் கம்பி வலையால் பாதகமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு புறக் கூரையும் முற்றத்தில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க வேண்டுமானாலும் அது திறந்திருக்க வேண்டும்.

அடுத்தது அறை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கப்பட்டவை. சாமான் வைக்கவும் இரவு படுக்கவும்தான் அவை. பகல் பொழுதெல்லாம் பத்தியில் கழியும். அதனால் அறைகள் குறுகலாக, சன்னல் குறைவாக இருக்கும். கதவு நிலை தாழ்வானது, வாசற்படி உயரமானது. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். மாடி அறைகளில் வெளிச்சமும் காற்றும் அதிகம், ஆனால் சித்திரை, வைகாசியில் மேல்தளம் பகலெல்லாம் வெயில் வாங்கி இரவில் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். கோடையில் போகிறவர்கள் கீழ்த்தள அறையும், மார்கழி, தையில் போகிறவர்கள் மாடி அறையும் கேட்பது நல்லது.

இந்த விடுதிகளில் பெரும்பாலான கோளாறுகள் குளியலறையிலிருந்தே தொடங்குகின்றன. பழைய வீட்டில் குளியல் பின்கட்டுக் கிணற்றடியில். படுக்கும் அறைப் பக்கம் தண்ணீரே வராது. இப்போது ஒவ்வோர் அறைக்கும் குழாய் இழுக்க வேண்டியிருக்கிறது. சுவரோ செங்கல்லும் சுண்ணாம்பும். அதன் மேல் பல பூச்சுகள். கடைசிப் பூச்சு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த நைசான சுண்ணாம்பு, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். குழாய் கசிந்த இடத்தைச் சிமெண்டால் அடைத்தால், ஈரம் சிமெண்டைக் கடக்க முடியாமல் பக்கத்திலுள்ள சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறும். கூடவே உப்பையும் கொண்டுவரும். உப்பு உறையும்போது நூறாண்டு மெருகு செதில் செதிலாகக் கழன்று விழும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த சுவரில் அதே ஈரம் கொப்புளமாகப் புடைக்கும். ஆகவே அறையைக் காட்டும்போது கட்டிலை விட்டுவிட்டுச் சுவரின் கீழ் இரண்டடியைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால், முடை நாற்றம் அடித்தால் வேறு அறை கேளுங்கள். குளியலறையைப் பின்சுவரோரம் ஒதுக்கி, குழாய்களைச் சுவருக்கு வெளியே கொண்டுபோன விடுதி, வீட்டைப் புரிந்துகொண்டவர்கள் கையில் இருக்கிறது என்று நம்பலாம்.

தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்தபின் தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. கண்ணாடி பட்ட முகம்தான் அந்தப் பளபளப்பு. வெறும் தண்ணீரில் துடைக்கத் துடைக்க மெருகு கூடும். ஆசிட் பட்டால் வண்ணம் வெளிறிவிடும், பிறகு மீட்க வழியில்லை. ஈரத்தில் வழுக்கும் என்பதால் குளிக்கும் இடத்தில் சொரசொரப்பான கல் பதித்திருக்க வேண்டும்.

எந்த விடுதி யாருக்கு? வீட்டின் அமைப்பையும் பூச்சு வேலையையும் ஊன்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு சாரதா விலாஸ். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் எடுத்துச் சீரமைத்தது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு சிதம்பர விலாஸ் பொருந்தும். விசாலம், ஒரு தகப்பனார் மகளுக்காக ஆர்ட் டெக்கோ என்ற இருபதாம் நூற்றாண்டு மேனாட்டுப் பாணியில் கட்டியது. இருட்டறை பிடிக்காதவர்கள் அங்கே போகலாம், ஆனால் பழைய வளவு வீட்டின் முழு அனுபவத்தை அதில் தேட வேண்டாம். பங்களாவும் வளவு வீடு அல்ல. அங்கே இழுப்பது சாப்பாடு, அதிலும் மதியத்து வாழை இலை. வெளியிலிருந்து சாப்பிட மட்டும் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். இத்தகைய வீடுகள் பலவற்றுக்குப் பங்காளிகள் ஏராளம். எல்லாரும் சம்மதித்தால்தான் குத்தகைக்கே விட முடியும். சம்மதம் கிடைக்காத வீடுகளின் தூணும் கதவும் பிரிக்கப்பட்டுக் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. குத்தகைக்கு விட்ட குடும்பம் சாமி அறையையும், கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல் வைக்கும் வழிபாடு) நாட்களையும் தங்களுக்கென வைத்துக்கொள்வது உண்டு. பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நீங்கள் போகும் தேதியில் விசேஷம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் தெருக்களை வெயிலுக்கு முன் நடந்து பார்த்துவிட வேண்டும். அங்குள்ள அரண்மனை வீட்டை வெளியிலிருந்து பார்ப்பதாகவே திட்டமிடுங்கள். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் காரைக்குடி சேர இரவாகிவிடும், கிராமத்து விடுதிகளில் அந்நேரம் அடுப்பு அணைந்திருக்கும். வண்டிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பதியும்போதே சொல்லி வையுங்கள்.