“ஸ்டூடியோ மாஸ்டர்” பாட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் 12,500 ரூபா கொடுத்து ஏமாந்தேன். கடைப் பெயர் வேண்டாம். இதே வித்தையை வேறு கடையிலும் காட்டலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு பென் டிரைவில் 300 “ஸ்டூடியோ மாஸ்டர்” பாட்டு, அதாவது ஸ்டூடியோவின் மூலப் பதிவுத் தரத்தில். எல்லாம் ஃபிளாக் (ஒலியில் எதையும் எறியாமல் சேமிக்கும் ஃபைல் வகை), 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் (ஒலியை விநாடிக்கு 96,000 தடவை அளந்து பதிவது) என்றார்கள். நான் தயங்கியதும் முதலாளி, “என்னை நம்ப வேணாம் தம்பி, உங்க காதை நம்புங்க” என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினார். முதலில் சாதா எம்பி3. அப்புறம் அதே பாட்டின் “மாஸ்டர்”. தபேலா காதுக்குள்ளேயே விழுந்தது. லெப்டொப்பைத் திருப்பிக் காட்டினார்: ஒன்று 4 எம்பி, மற்றது 70 எம்பிக்கு மேல். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. வீட்டில் பீற்றிக்கொள்ள அந்த இரண்டு ஃபைலையும் கேட்டு வாங்கி வந்தேன். கடைசியில் அதுதான் உதவியது.

அன்று ராத்திரி மழை. தகரத்தில் மழை கொட்டினால் எங்கள் தோட்ட லய வீட்டில் 24 பிட்டும் பழைய ரேடியோவும் ஒன்றுதான். மறுநாள் அக்கா மகன் வந்தான். கொழும்பில் படிக்கிறவன். நான் போட்டுக் காட்டியதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “மாமா, ரெண்டையும் ஒரே சத்தத்துலயா கேட்டீங்க?”

ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரண்டையும் திறந்து பார்த்தான். “மாஸ்டர்” சுமார் 2 டெசிபல் கூட. இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது பெரும்பாலும் “சத்தம் கூட” என்று சொல்லாது, “தெளிவு கூட” என்றுதான் சொல்லுமாம். என் காதும் அப்படித்தான் சொன்னது.

சத்தத்தைச் சமன் செய்துவிட்டு ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் ஏபிஎக்ஸ் சோதனை வைத்தான். ஏ ஒரு ஃபைல், பி மற்றது. எக்ஸ் அந்த இரண்டில் ஒன்று, எது என்று கணினி மட்டுமே அறியும். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கூட கண்டுபிடிக்க முடியாது. 16 தடவை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே எட்டு வாக்கில் சரியாகும். 12 அல்லது அதற்கு மேல் குருட்டாம்போக்கில் கிடைக்க நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கூட இல்லை. நான் எடுத்தது 7. பதினாறில் முதல் நாலை சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பேன், அதிலேயே இரண்டு பிழை.

அப்புறம் ஸ்பெக் என்ற மென்பொருளில், “மாஸ்டர்” ஒலி எந்த அலைவரிசை வரை போகிறது என்ற படத்தைக் காட்டினான். 16 கிலோஹேர்ட்ஸோடு ஸ்கேல் வைத்து வெட்டியது போல நிற்கிறது, மேலே வெறும் கறுப்பு. பழைய டேப் பதிவென்றாலும் இரைச்சலாவது மேலே பரவியிருக்கும். இந்த வெட்டு 128 கிலோபிட் என்ற குறைந்த தர எம்பி3யில் வழக்கமாக விழுவது. அந்த எம்பி3யையே சத்தம் ஏற்றி, ஃபிளாக்காக மாற்றி, பருமனாக்கியிருக்கிறார்கள். எம்பி3 ஃபைலைச் சிறிதாக்க ஒருமுறை எறிந்த ஒலியை ஃபிளாக் திருப்பிக் கொண்டுவராது. இருபது பாட்டைத் திறந்து பார்த்தோம், பத்தொன்பது இதே கதி.

உண்மையான 96 என்றாலும் எனக்கு என்ன கிடைத்திருக்கும்? சீடியின் 44.1 கிலோஹேர்ட்ஸ் பதிவே, அதில் பாதியான 22 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடிக்கும். மனிதக் காது இளம் வயதிலேயே 20ஐத் தாண்டாது. எனக்கு வயது 43.

கடையில் யாராவது இப்படிக் கேட்க வைத்தால் சத்தத்தைச் சமன் செய்யச் சொல்லுங்கள், திரையைப் பார்க்காதீர்கள், எது ஓடுகிறது என்று சொல்லவும் விடாதீர்கள்.

பென் டிரைவோடு கடைக்குத் திரும்பப் போனேன். “உங்க காது இன்னும் பழகல தம்பி” என்றார் முதலாளி. அதே சோதனையை நீங்கள் செய்யுங்கள் என்றேன். கடையில் ஆள் நிற்கிறது, பிறகு வாங்க என்றார். காசு திரும்பவில்லை. கிளம்பும்போது பின்னாலிருந்து, தங்க முலாம் பூசிய கேபிள் ஒன்று வந்திருக்கிறது, 4,500தான், மாட்டினால் வித்தியாசம் தெரியும் என்றார்.